உடம்புக்குள் உலோகம்: விமான நிலையச் சோதனையைக் கடப்பது எப்படி?

உம்ராவுக்குப் பணம் கட்டியாயிற்று. பாஸ்போர்ட் தயார். விசாவும் வந்துவிட்டது. கடைசி வாரத்தில் உம்மா மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்: "முட்டுல இரும்பு வச்சிருக்கே, மெஷின் கத்துமாமே? எல்லாரும் பாக்க உடுப்பக் கழட்டச் சொல்லுவாங்களா?" மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் என நம் தாமிரபரணிப் பகுதியில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. முழங்கால் மாற்று, இடுப்பு மூட்டு மாற்று, விபத்துக்குப் பின் ப்ளேட், ராடு, இதயத்துக்கு ஸ்டென்ட், பேஸ்மேக்கர் ஆகியவற்றுடன் வாழ்பவர்களை இன்று நம் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கிறோம். சோதனையை நினைத்துப் பயந்து பயணத்தையே தள்ளிப்போடும் பெரியவர்களும் உண்டு.

அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் தயாரிப்பு தேவை. எது ஒலிக்கும், எது ஒலிக்காது, எந்தக் காகிதங்களை எடுத்துச் செல்வது, என்ன கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதை இந்தக் கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மார்க்கத்தில் தயக்கம் வேண்டாம்

முதலில் ஒரு மனத்தடையை நீக்கிவிடுவோம். உடம்பில் உலோகம் வைத்துக்கொண்டு இபாதத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் பதிவாகியிருக்கிறது. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர்களின் மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியால் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்நாற்றம் எடுத்தபோது தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், தேவைக்காக இந்த அனுமதி கிடைத்தது. எலும்புக்குள் இருக்கும் டைட்டானியமும் ஸ்டீலும் சிகிச்சைதான். அவை இஹ்ராமுக்குத் தடையாகும் தைத்த ஆடையும் அல்ல. மேலே அணியும் முழங்கால் பட்டை, இடுப்பு பெல்ட் போன்றவற்றுக்கு மட்டும் உங்கள் ஆலிமிடம் முன்பே விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது ஒலிக்கும், எது ஒலிக்காது?

நாம் நடந்து கடக்கும் கதவுச் சட்டத்தின் இரு பக்கங்களிலும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புலத்துக்குள் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பொருள் வந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். இன்றைய சட்டங்கள் பலவற்றில், உலோகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை விளக்கு எரிந்து காட்டும். முழங்கால் உயரத்தில் விளக்கு எரிந்தால், காவலரின் கவனமும் அங்கேதான் போகும்.

"டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் ஒலிக்காது" என்று சொல்வது சரியல்ல. காந்தத்தில் ஒட்டாத உலோகமும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஒலிக்க வாய்ப்பு உண்டு. உலோகத்தின் அளவு, வகை, அது இருக்கும் இடம், கருவி எவ்வளவு நுட்பமாக அமைக்கப்பட்டிருக்கிறது என்பவைதான் முடிவு செய்யும். அதனால்தான் ஒரே ஆள் சென்னையில் ஒலியில்லாமல் கடந்து, துபாயில் ஒலியோடு நிற்பார்.

பொதுவாக இப்படி எதிர்பார்க்கலாம்:

முழங்கால், இடுப்பு மாற்று மூட்டுகள்: பெரும்பாலும் ஒலிக்கும். இவற்றில் கோபால்ட்-குரோமியம், டைட்டானியம் கலவைகள் கணிசமான அளவில் இருக்கின்றன. இரண்டு கால்களிலும் மாற்றியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

தொடை எலும்பு, கெண்டைக்கால் எலும்பில் வைத்த நீண்ட ராடு, பெரிய ப்ளேட்: ஒலிக்கலாம்.

ஒன்றிரண்டு ஸ்க்ரூ, விரலில் வைத்த கம்பி: பெரும்பாலும் ஒலிக்காது.

இதய ஸ்டென்ட், பல் கேப், பல் இம்ப்ளான்ட்: பொதுவாக ஒலிக்காது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இதற்காகத் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பேஸ்மேக்கர்: ஒலிக்கலாம். இதற்குத் தனி எச்சரிக்கை உண்டு, கீழே சொல்கிறோம்.

உடல் முழுவதையும் பார்க்கும் ஸ்கேனர் வேறு வகை. மில்லிமீட்டர் அலைகளைப் பயன்படுத்தும் அந்தக் கருவி தோலுக்கு வெளியே, துணிக்குள் இருக்கும் பொருளை மட்டுமே காட்டும். எலும்புக்குள் இருக்கும் மூட்டு அதில் தெரியாது. அத்தகைய ஸ்கேனர் உள்ள விமான நிலையத்தில் மூட்டு மாற்றியவர்களுக்கு வேலை எளிது.

இந்திய விமான நிலையத்தில் நடப்பது

நம் பகுதியிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம், மதுரை, சென்னை விமான நிலையங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஹஜ் கமிட்டி வழியாகச் செல்லும் தமிழக ஹாஜிகளுக்குச் சென்னைதான் புறப்பாட்டு இடம். உள்நாட்டுப் பயணத்துக்கு வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் நமக்குப் பக்கம். அதன் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. சென்னை, மதுரை, திருவனந்தபுரம் மூன்றிலும் சோதனைப் பணியில் இருப்பது மத்திய தொழிற்பாதுகாப்புப் படை, அதாவது சிஐஎஸ்எஃப். அவர்கள் பின்பற்ற வேண்டிய விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம்.

ஒரு செய்தியை வீட்டுப் பெரியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்திய விமான நிலையங்களில், கதவுச் சட்டம் ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும், எல்லாப் பயணிகளையும் கைக் கருவியால் தடவிப் பார்க்கிறார்கள். எனவே உங்களை நிறுத்திப் பார்ப்பது உங்கள் பெயருக்காகவோ தாடிக்காகவோ புர்காவுக்காகவோ அல்ல. முன்னால் போனவருக்கும் அதேதான் நடந்தது. முழங்காலில் கருவி ஒலித்தால் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சோதனை இப்படி நடக்கும். போன், சாவி, பர்ஸ், பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிடுங்கள். வேறு எந்த உலோகமும் உடம்பில் இல்லாமல் இருந்தால்தான், ஒலி மூட்டிலிருந்து வருகிறது என்று காவலருக்கு எளிதாகப் புரியும். கதவுச் சட்டத்துக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒலித்த பிறகு சொன்னால் சமாளிப்பது போலத் தோன்றும். கைக் கருவியால் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஆடைக்கு மேலே கையால் தடவிப் பார்ப்பார்கள். காகிதம் கேட்டால் காட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மறைவான இடத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

கைக் கருவியால் பார்க்கும் இடத்தில் சிறு மேடை ஒன்று இருக்கும். முழங்கால் மாற்றியவருக்கு அதில் ஏறுவது சிரமமாக இருக்கலாம். "ஏற முடியாது, கீழேயே பாருங்கள்" என்று சொல்லலாம். நீண்ட நேரம் நிற்க முடியாதவர் நாற்காலி கேட்கலாம். வீல்சேரில் வருபவரை வீல்சேரில் இருந்தபடியே சோதிக்க முடியும். வீல்சேர் தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். கடைசி நேரம் ஆகிவிட்டாலும் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பெண்களும் இஹ்ராமில் இருப்பவர்களும்

பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். திரையிட்ட தனி அறையில்தான் அது நடக்கும். புர்காவுக்கு மேலே கருவி வைத்துப் பார்ப்பது வழக்கம். தலைத்துணியில் குத்தியிருக்கும் உலோக ஊசிகள், கை நிறைய வளையல், இடுப்புச் சங்கிலி ஆகியவை தேவையில்லாமல் ஒலியைக் கூட்டும். அன்றைக்கு மட்டும் துணிப் பட்டன் அல்லது உள்தொப்பி போட்டுக்கொண்டால் போதும். அடையாளம் பார்க்க முகத்திரையை விலக்கச் சொன்னால், பெண் காவலர் முன்னிலையில் மறைவில் விலக்கலாம் என்று கேளுங்கள். உம்மாவோடு மகளோ மருமகளோ போவதாக இருந்தால் வரிசையில் ஒன்றாகவே நில்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் அது பெரிய துணை.

ஆண்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்க வேண்டிய பகுதி. இடுப்பு மூட்டின் அறுவைத் தழும்பு அதற்குள்தான் இருக்கிறது. புறப்படும் ஊரிலேயே இஹ்ராம் கட்டியவரிடம் இரண்டு துண்டுகள்தான் இருக்கும். பொது இடத்தில் தழும்பைக் காட்டும் நிலை வரக்கூடாது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சோதனையை எல்லாம் முடித்துவிட்டு, காத்திருக்கும் கூடத்திலோ மீகாத் எல்லைக்கு முன்பாக விமானத்திலோ இஹ்ராமுக்கு மாறிக்கொள்வது. இரண்டாவது, உலோகக் கொக்கியும் அழுத்து பட்டனும் உள்ள இஹ்ராம் பெல்ட்டை முன்கூட்டியே கழற்றித் தட்டில் வைப்பது. இடுப்பில் ஒலி வந்தால் பெல்ட்டா, மூட்டா என்ற குழப்பம் அப்போது எழாது. மூன்றாவது, தழும்பைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் தனி அறை கேட்பது. தேவை எந்த அளவோ அந்த அளவுக்கு மட்டும், ஓர் ஆண் காவலர் முன்னிலையில் காட்டினால் போதும். எல்லோர் முன்னாலும் நீங்களாகவே துணியை விலக்கிக் காட்டாதீர்கள். பதற்றத்தில் பலர் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

பேஸ்மேக்கர், காக்ளியர், இன்சுலின் பம்ப்

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கதவுச் சட்டத்தைச் சாதாரண நடையில் கடந்து போகலாம். அதன் அருகில் நின்றுகொண்டிருப்பதும் சாய்ந்து நிற்பதும் கூடாது. கைக் கருவியை நெஞ்சின் மேல் நீண்ட நேரம் வைத்திருக்கக் கூடாது. எனவே கருவி பொருத்திய போது கொடுத்த அட்டையை முதலிலேயே காட்டி, கையால் மட்டும் சோதிக்கும்படி கேளுங்கள். அதிர்ச்சி தரும் ஐசிடி கருவி வைத்தவர்களுக்கும் இதே முறைதான்.

தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். காதுக்கு வெளியே இருக்கும் கருவியைக் கழற்றித் தட்டில் போட வேண்டாம். அணிந்தபடியே கடக்கலாம் என்று சொல்லுங்கள். சட்டத்தைக் கடக்கும்போது பிள்ளைக்கு இரைச்சல் கேட்கலாம், முன்பே சொல்லி வையுங்கள்.

சர்க்கரை நோய்க்காக இன்சுலின் பம்ப், சென்சார் அணிபவர்கள் தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சில கருவிகளை எக்ஸ்ரே பெட்டிக்குள்ளும் உடல் ஸ்கேனருக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது என்று குறிப்பிட்டிருப்பார்கள். அப்படியானால் கையால் சோதிக்கக் கேளுங்கள்.

எந்தக் காகிதங்கள்?

ஒன்று, டிஸ்சார்ஜ் சம்மரி. அறுவைச் சிகிச்சையின் பெயர், தேதி, எந்தப் பக்கம் என்பது அதில் இருக்கும். இம்ப்ளான்ட்டின் தொகுதி எண் உள்ள சிறு ஸ்டிக்கர்களை அதிலோ அறுவைக் குறிப்பிலோ ஒட்டித் தருவது வழக்கம். ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொலைந்திருந்தால் அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் உள்நோயாளி எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் தேடுவது எளிது.

இரண்டு, மருத்துவமனை பில். முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்ட் 16 அன்று உச்ச விலை நிர்ணயித்தது. அதிலிருந்து இம்ப்ளான்ட்டின் விவரங்கள் பில்லில் தனியாக வர வேண்டும். அந்தப் பில்லும் ஓர் ஆதாரம்தான்.

மூன்று, டாக்டரின் கடிதம். மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், நான்கு வரி போதும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், எந்த மூட்டில் எந்த உலோகம், கையெழுத்து, முத்திரை, பதிவு எண். ஹஜ் பயணிகளுக்கு மருத்துவத் தகுதிச் சான்று தேவைப்படுகிறது. அதை வாங்கும்போதே இம்ப்ளான்ட் விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

நான்கு, போனில் எக்ஸ்ரே படம். மொழி தெரியாத காவலருக்கும் எக்ஸ்ரே புரியும்.

இவை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் பயனில்லை. கொழும்பு, துபாய், தோஹா வழியாகப் போனால் இடையிலும் ஒரு சோதனை உண்டு. திரும்பி வரும்போதும் உண்டு. பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போதும் இதே விவரங்களைத்தான் கேட்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கடிதமோ அட்டையோ சோதனையிலிருந்து விலக்குத் தராது. அமெரிக்காவில் பயணிகளுக்கென அரசே வெளியிட்டிருக்கும் மருத்துவ அறிவிப்பு அட்டையும் சோதனையைத் தவிர்க்க உதவாது. காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. காகிதத்தால் கிடைக்கும் பயன், பேச்சு சுருங்குவதும் சோதனை சீக்கிரம் முடிவதும்தான்.

சுதா சந்திரன் எழுப்பிய கேள்வி

பரதநாட்டியக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன், 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்தவர். ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறினார். 2021 அக்டோபரில் அவர் வெளியிட்ட வீடியோ நாடெங்கும் பேசப்பட்டது. விமான நிலையம் செல்லும் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், இதற்கு ஓர் அட்டை கொடுங்கள் என்று பிரதமரிடம் அதில் வேண்டினார். சிஐஎஸ்எஃப் வருத்தம் தெரிவித்தது. விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே கழற்றச் சொல்ல வேண்டும் என்பதுதான் நடைமுறை என்றும் விளக்கியது.

அதற்கு முன்பே ஜீஜா கோஷ் வழக்கு நீதிமன்றத்தில் வந்திருந்தது. மூளை முடக்குவாதம் உள்ள அவரை 2012-ல் ஒரு தனியார் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2021 டிசம்பரில், செயற்கைக் கை கால் அணிந்தவர்களைச் சோதனையில் அவற்றைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. மனித கண்ணியத்தையே அது காரணமாகச் சொன்னது.

செயற்கைக் காலைக் கழற்றலாம். உள்ளே வைத்த மூட்டைக் கழற்ற முடியாது. ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: பாதுகாப்பும் வேண்டும், சோதிக்கப்படுபவரின் மானமும் காக்கப்பட வேண்டும். கண்ணியமாக நடத்தும்படி கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

முறையில்லாமல் நடத்தினால் அங்கேயே குரல் உயர்த்த வேண்டாம். மேற்பார்வை அதிகாரியை அழைக்கச் சொல்லுங்கள். இடம், நேரம், விமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் எழுத்தில் புகார் தரலாம். பாதுகாப்பு பற்றிய விஷயத்தை விளையாட்டாகவும் பேசாதீர்கள். "காலுக்குள்ளே குண்டு வச்சிருக்கேன்" என்ற ஒரு வேடிக்கைப் பேச்சு பயணத்தையே நிறுத்திவிடும்.

சொல்ல வேண்டிய சில வார்த்தைகள்

காவலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பெரியவர்கள் இவற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஆங்கிலத்தில்: "நீ ரீப்ளேஸ்மென்ட்" (முழங்கால் மாற்று), "ஹிப் ரீப்ளேஸ்மென்ட்" (இடுப்பு மாற்று).

இந்தியில்: "குட்னே மே மெட்டல் லகா ஹை" (முழங்காலில் உலோகம் வைத்திருக்கிறது).

அரபியில்: "இந்தீ ருக்பா ஸினாஇய்யா" (எனக்குச் செயற்கை முழங்கால் இருக்கிறது). இடுப்பு மூட்டுக்கு "மஃப்ஸல் ஸினாஈ". பேஸ்மேக்கருக்கு "முனள்ளிம் ளரபாத்தில் கல்ப்".

சொல்லிவிட்டு அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினால் போதும்.

விமான நிலையம் மட்டுமல்ல

கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலும் பாதுகாப்பு சிஐஎஸ்எஃப் கையில்தான். அங்கே ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் காலில் ராடு வைத்தவர்கள், நுழைவு அட்டை வாங்கும்போதே ஒப்பந்ததாரர் வழியாக அதைத் தெரிவித்துவிட்டால் தினமும் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

நீட் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தேர்வு மையத்தில் கைக் கருவியால் சோதிக்கிறார்கள். 2022 ஜூலை 17 அன்று, தென்காசிக்கு அப்பால் கேரளாவின் கொல்லம் மாவட்டம் ஆயூரில், உலோகக் கொக்கி இருப்பதாகச் சொல்லி மாணவிகளின் உள்ளாடையைக் கழற்ற வைத்தார்கள். அது பெரும் பிரச்சினையாகி, அந்த மாணவிகளுக்கு மறுதேர்வு நடத்தப்பட்டது. எலும்பில் ப்ளேட் உள்ள பிள்ளை டாக்டர் கடிதத்தோடு சீக்கிரமே மையத்துக்குப் போகட்டும். ஹிஜாப் அணியும் மாணவிகளும் சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்பது தேர்வு முகமையின் அறிவுறுத்தல்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

டாக்டர் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, அட்டை கைப்பையில் இருக்கிறதா? எக்ஸ்ரே படம் போனில் இருக்கிறதா? வீல்சேர் பதிவாகிவிட்டதா? உலோக ஊசி, கொக்கி, பெல்ட் குறைத்தாயிற்றா? வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்பே கிளம்புகிறோமா? யார் உம்மாவோடு வரிசையில் நிற்பது என்று முடிவாகிவிட்டதா?

கடைசியாக, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு முந்திய இரவு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கும் என்பதை ஒரு முறை நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். "மெஷின் கத்தும் உம்மா. பயப்படாதீங்க. ஒரு பொம்பளப் போலீஸ் திரைக்குள்ள கூட்டிட்டுப் போய், உடுப்புக்கு மேலேயே தடவிப் பார்ப்பாங்க. இந்தச் சீட்டைக் காட்டுங்க, போதும்." வருடக் கணக்கில் முழங்கால் வலியோடு தொழுதவர்கள், அல்லாஹ்வின் அருளால் சிகிச்சை பெற்று நடக்கிறார்கள். அந்தக் காலோடு அவர்கள் கஅபாவை வலம் வர வேண்டும். ஒரு கருவியின் ஒலிக்காக அந்தப் பயணம் நின்றுவிடக் கூடாது. அல்லாஹ் அனைவரின் பயணங்களையும் லேசாக்குவானாக, ஆமீன்.